மூன்றாவது தூளி

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கண் எரிச்சல் குறைந்ததா? அத்தானின் இருமல் நின்றதா?

இதை உட்கார்ந்துகொண்டு படி. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு படகு வாங்கியிருக்கிறோம். ஆற்றுப் படகு இல்லை. பெருங்கடலைத் தாண்டி மறுகரையில் போய் இறங்குவதற்கான பாய்மரப் படகு. உங்கள் பட்டறைக்குத் தார்ப்பாய் தைக்க வரும் லாரியைவிடச் சற்றுச் சின்னது.

மூன்று பேரில் மீசையை உனக்குத் தெரியும். சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருமுனை வீடு. மீசையை மழித்துப் பல வருடம் ஆகிறது, பெயரை மழிக்க முடியவில்லை. இரண்டாவது ஆள் ஒரு நர்ஸ். தீவுகளுக்குப் போகும் மருத்துவப் படகில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள், உன் வயது இருக்கும். இதற்காக வேலையை விட்டுவிட்டாள். மூன்றாவது நான். யோசனையும் என்னுடையதுதான். நில அளவை அலுவலகத்தில் இத்தனை காலமும் யார் வேலி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வேலியே இல்லாத இடம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மழை முடிந்து காற்று திசை மாறும்போது, டிசம்பர் தொடக்கத்தில், கிளம்ப வேண்டும். விட்டால் இன்னொரு வருடம். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, ஒருவர் தூங்க, ஒருவர் கைவேலைக்கு என்று மூன்று பேர் கட்டாயம். இரண்டு பேராகப் போனால் கடல் கொல்லாது, தூக்கம் கொன்றுவிடும் என்கிறார் மீசை.

படகின் உட்புறத்தை என் அறைத் தரையில் சாக்பீஸால் உள்ள அளவிலேயே வரைந்திருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் அதற்குள் உட்கார்ந்து பழகுகிறோம். கோட்டைத் தாண்டினால் தண்ணீரில் விழுந்ததாக அர்த்தம். போன வாரம் தேநீர் கொண்டுவந்த வீட்டுக்காரம்மா நேராகக் கடல்மேல் நடந்து வந்துவிட்டார்.

பாய் தைக்க வேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார்?

அத்தானுக்கு என் வணக்கம்.
உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. கண் எரிச்சல் தேவலை. அத்தானின் இருமல் நின்றுவிட்டது, இருமலைப் பற்றிய பேச்சுதான் இன்னும் நிற்கவில்லை.

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பஸ் டிப்போவில் நேரம் குறித்துக் குறித்து அவருக்கு எல்லாமே புறப்பாடு, வருகை என்று இரண்டாகத்தான் தெரியும். "அவனுக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப சரி. தெரிஞ்சவன் எவனும் இப்படிக் கிளம்பமாட்டான்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

போகாதே என்று எழுதத்தான் நானும் காகிதத்தை எடுத்தேன். முதல் வரியைக்கூட மனதில் யோசித்துவிட்டேன். ஆனால் அன்றைக்குப் பட்டறைக்கு ஒரு பழைய தார்ப்பாய் ஒட்டுப்போட வந்திருந்தது. ஐந்தாறு வருடங்களுக்கு முன் நான் தைத்ததுதான். மடிப்புக்குள் ஏதோ ஓர் ஊரின் சிவப்பு மண் இருந்தது. எந்த ஊர் என்று டிரைவரைக் கேட்டேன். அவருக்கு மறந்துபோயிருந்தது.

எனவே வேறு விஷயம் எழுதுகிறேன். பாய்க்கு எவ்வளவு கனத்தில் துணி வேண்டும்? ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பதா, வெறும் மடிப்பா? எல்லாவற்றையும் விவரமாக எழுது. போன கடிதத்தில் நீ அந்தக் கடலைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. அதையும் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், ஆனால் சாக்பீஸ் கோட்டுக்குள் உட்கார்ந்து.

துணியின் மாதிரித் துண்டையும் வெட்டு அளவுகளையும் படகின் அளவுகளையும் இதோடு அனுப்புகிறேன். பாய் தட்டையாக இருந்தால் காற்று வழுக்கிப் போய்விடுமாம். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் லேசாக வளைத்து வெட்டி இணைத்தால் நடுவில் வயிறு விழும். அந்த வயிறுதான் படகை இழுத்துக்கொண்டு போகும்.

கடலைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இன்னும் இறங்கவில்லை. ஆனால் மீசை சொன்னதையும் வரைபடங்களையும் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணை மூடினாலே தெரிகிறது. விடியும் முன் கடலுக்கு நிறம் கிடையாது. ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம் போல இருக்கும். தண்ணீர் முடிந்து வானம் தொடங்கும் கோடும் தெரியாது. நாம் நகர்கிறோமா, நின்றுவிட்டோமா என்பதும் தெரியாது. பிறகு எங்கோ ஓர் ஓரத்தில், யாரோ விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வருவது போல வெளிச்சம் வரும். சத்தம் என்று ஒன்றுமே இருக்காது. அந்த நேரத்தில் சுக்கானில் இருப்பவருக்கு, உலகத்தையே தூங்கவைத்துவிட்டுத் தான் மட்டும் காவல் இருப்பதாகத் தோன்றும்.

எனக்கு அந்த ஒரு விடியல் போதும் அக்கா. மறுகரை கிடைத்தால் லாபம்.

அத்தானின் நலத்தை எழுது.
தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பி,

இங்கே இருவரும் சுகம். வெயிலைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

வயிறு விழத் தைப்பதை எனக்கா சொல்லிக்கொடுக்கிறாய்? சட்டைக்கு டார்ட் பிடிப்பதும் இதேதான். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைத் தரையை விட்டுக்கொடுத்திருக்கிறார். துணியை நேரே இழுத்துப் பிடித்தபடி மெஷினுக்குக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அத்தானைக் கூட்டிப்போகிறேன். "பஸ்ஸே இவ்வளவு நீளம் கிடையாது" என்று முனகிக்கொண்டே பிடிக்கிறார்.

நேற்று பெரிய பாய் முடிந்தது. மேல்முனையை உத்தரத்தில் கட்டித் தூக்கி, பட்டறையின் இரண்டு பெரிய மின்விசிறிகளையும் அதன்மேல் திருப்பிவிட்டோம். முதலில் துணி சும்மா நடுங்கியது. பிறகு ஒரே மூச்சில் நிறைந்துவிட்டது. ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. கணக்குப் பார்க்க வந்த முதலாளி வாசலிலேயே நின்று, "பட்டறை நகருதா, இல்ல எனக்குத்தான் தலை சுத்துதா?" என்றார். எனக்கும் நகர்வது போலத்தான் இருந்தது. விசிறியை நிறுத்த மனமே வரவில்லை.

சில விஷயம் கேட்டுச் சொல். சுக்கானைப் பிடித்திருப்பவர் எதைப் பார்த்துப் பிடிப்பார்? கண் மங்கலாக இருந்தால் பரவாயில்லையா? நர்ஸ் குளிப்பதற்கு என்ன வழி? நீந்தத் தெரியாதவர்களை மீசை சேர்த்துக்கொள்வாரா? உன்னைத்தான் சேர்த்துக்கொண்டாரே, மறந்துவிட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பாயைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.
அக்கா


மே 28

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெளியே சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பாய் அருமை. மீசை தையலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வாரம் கரை மறையும்வரை போய்த் திரும்பினோம். படகின் அடிப்பலகை நல்ல மரம். இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன, ஒன்று காது போல, ஒன்று கவிழ்த்த கிண்ணம் போல. ஆணித் தலைகளின்மேல் அரக்கு வைத்து மூடியிருக்கிறார்கள். வாளியின் கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது, மாற்ற வேண்டும். மூலையில் சுருட்டி வைத்திருக்கும் கயிறு புதியது, தேங்கிய தண்ணீர் பட்டதும் இறுகிவிடுகிறது.

உன் கேள்விகளை நர்ஸிடம் கொடுத்தேன். அவள் சொன்னது இது. திசைமானியைப் பார்த்துப் பிடிக்க வேண்டும், அலுத்துப்போனால் ஒரு நட்சத்திரத்தை. கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக்கொண்டால் போதும். குளியல் உப்புத் தண்ணீரில், மறைப்புக்கு ஒரு துணி. நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இடுப்புக் கயிறு கட்டாயம். பிறகு என்னிடம், "உங்க அக்கா ரொம்பக் கேக்குறாங்களே" என்றாள்.

அலுவலகத்தில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.
தம்பி


ஜூன் 6

அன்புள்ள தம்பி,

வயிறு சரியாகிவிட்டதா? வெந்நீர் குடி.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பலகை இருக்கிறது, ஆணி இருக்கிறது, வாளி இருக்கிறது. கடல் இல்லை. போவதற்கு முன் ஒரு பக்கம் எழுதினாய், போய்வந்த பிறகு ஒரு வரி இல்லை. தண்ணீர் எப்படி இருந்தது?

எங்கள் மேல்மாடி அறைத் தரையில் நானும் உன் அளவுகளை வைத்துப் படகை வரைந்திருக்கிறேன். பாய் எந்த இடத்தில் எப்படி உட்காரும் என்று பார்க்கத்தான். வேலை முடிந்து வந்தால் அதற்குள் உட்கார்ந்துதான் காய்கறி நறுக்குகிறேன். ஜன்னலைத் திறந்தால் காற்று நன்றாக வருகிறது. எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் நம் வீடுதான் நகரும்.

அத்தான் நேற்றுத் தேநீர் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். கோட்டுக்கு வெளியே நின்று, "உள்ளே வரலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

உண்மையை எழுது. உடம்பு மட்டும்தானா?
அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

நலமே. இரண்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவாய் என்று தெரியும், திட்டிக்கொள்.

நாள் குறித்தாகிவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் காற்று நிலைத்ததும் கிளம்புகிறோம். குடிதண்ணீர்ப் பீப்பாய்கள் வந்துவிட்டன. மறுகரைத் துறைமுகத்துக்கு மீசை எழுதிப் பதிலும் வந்துவிட்டது. நீண்ட விடுப்புக்கு என் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். போடும்போது, "கடல்ல யார் நிலத்தை அளக்கப் போறே?" என்றார். படகுத்துறை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இப்போதெல்லாம் அலுவலகத்துக்கு நான் அந்தப் பக்கம் போகாமல் சந்தைத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். நடந்தால் நல்லதுதானே.

இன்னொரு தையல் வேலை. படகு சாய்ந்தால் தூங்குகிற ஆள் உருண்டு விழாமல் இருக்கக் கித்தானில் மூன்று படுக்கைகள் வேண்டும். இரண்டு கழிகளுக்கு நடுவே தொங்கும். நர்ஸ் அதற்குத் தூளி என்று பெயர் வைத்துவிட்டாள். ஆளுக்குக் கச்சிதமாக இருக்க வேண்டுமாம், நீளம் மிஞ்சினால் ஆள் உள்ளே வழுக்குவார், குறைந்தால் தூக்கம் வராது. மீசையின் அளவும் நர்ஸின் அளவும் தனியே எழுதியிருக்கிறேன். என் அளவு உனக்குத் தெரியும்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.
தம்பி


செப்டம்பர் 3

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். தூளிகள் மூன்றும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. ஓரங்களில் இரட்டைத் தையல், மூலைகளில் தோல் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் படுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நானும் இனிமேல் கேட்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் நலம்தானே?

மீசைக்கும் நர்ஸுக்கும் தூளி அளவெடுத்தது போல இருந்தது. என்னுடையதில் நான் ஏறிப் படுத்தேன். கெண்டைக்காலில் பாதி வெளியே தொங்கியது. நர்ஸ் சிரித்து, "ஒட்டகச்சிவிங்கிக்குத் தொட்டில் கட்டின மாதிரி இருக்கு" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் கால்சட்டைகள் எல்லாம் நீ தைத்தவை. ஒரு விரல் அகலம்கூட நீ தவறியதில்லை.

நர்ஸ் அதை விரித்துப் பார்த்தாள். தலைமாட்டில் லேசாக எண்ணெய்க் கறை இருந்தது. "இதுல யாரோ ஏற்கெனவே படுத்துப் பாத்திருக்காங்க" என்றாள். அவளும் மீசையும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா, நீ கேட்டதற்குப் பதில் இது. மே மாதம் கரை மறைந்த அந்த நிமிடத்தில் என் கை சுக்கானை விட்டுவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுமே இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அடிப்பலகையில் போய் உட்கார்ந்து, திரும்பும்வரை தலையைத் தூக்கவில்லை. அதனால்தான் உனக்கு மர முடிச்சுகளைப் பற்றி எழுதினேன். நான் கண்டது அவற்றைத்தான். பிறகும் சில முறை போனோம், ஒவ்வொரு முறையும் அதே பலகை. பழகிவிடும் என்கிறார்கள் அவர்கள். பழகவில்லை. நான் விலகினால் மூன்று இரண்டாகும், படகு கிளம்பாது. என் பேச்சை நம்பி ஒருத்தி வேலையை விட்டிருக்கிறாள். எந்த முகத்தோடு சொல்வேன்?

அன்றைக்குத்தான் என்னால் வர முடியாது என்று அவர்களிடம் சொன்னேன், அந்தக் குட்டைத் தூளியைக் கையில் வைத்துக்கொண்டு. மீசை அதை வாங்கி முழம் போட்டுப் பார்த்தார். பிறகு தூளியைக் காட்டி, "அது யாரு அளவுன்னு கேட்டு எழுது" என்றார்.

கேட்கிறேன். யாருடைய அளவு?

தம்பி


அக்டோபர் 1

அன்புள்ள தம்பி,

நன்றாக இருக்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன் அளவை மனதில் வைத்துக்கொண்டுதான் கித்தானை விரித்தேன். சாப்பாட்டு நேரம், பட்டறையில் யாரும் இல்லை. எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் படுத்துப் பார்த்தேன். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டேன், வெட்டினேன், தைத்தேன். மடிக்கும்போதுதான் அது யாருடைய நீளம் என்று தெரிந்தது. பிரித்துத் தைத்திருக்கலாம். ஒரு மதிய வேலை. பிரிக்காமல் பார்சல் கட்டினேன். அதைத்தான் உனக்கு எழுதவில்லை.

உன் கனவின் ஒரு மூலையில் ஒண்ட இடம் கேட்பதாகவே எனக்கு இதுவரை இருந்தது. இப்போது முழு இடத்தையும் பிடுங்கிக்கொள்வது போல இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உனக்கு ஒரு புதுத் தூளி தைத்து அனுப்பிவிட்டு இதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

அத்தானிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "பிப்ரவரியிலிருந்தே நீ இந்த வீட்டுல இல்ல" என்றார். கடிதத்தை வாங்கி மடித்தேன். "போகணும்னா போயேன். நான் என்ன, நங்கூரமா?" என்றார். பிறகு, எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று கேட்டார். அது மட்டும்தான் அவருக்கு முக்கியம் என்பது போல.

முன்கூட்டியே வந்து மீசையோடு கடலுக்குப் போய்ப் பார்க்கிறேன். எனக்கும் அந்தப் பலகைதான் என்றால் இருவரும் கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொள்ளலாம்.

மறைக்காமல் எழுது.
அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள அக்கா,

இதை மறுகரைத் துறைமுக அலுவலகத்தின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ இறங்கும்போது உனக்காகக் காத்திருக்கும். நலமாகச் சேர்ந்தீர்களா? மூவரும் சாப்பிட்டீர்களா?

"வா" என்று ஒரே சொல் எழுதி அனுப்பினேனே, அதை எழுத எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உன் முதல் வெள்ளோட்டத்தில் கரை மறைந்தபோது நீ என்னைப் போல அடிப்பலகையில் ஒடுங்கவில்லையாம், பாயின் ஓரம் படபடக்கிறது, கயிற்றைக் கொஞ்சம் இழுக்கலாமா என்று கேட்டாயாம். மீசை படகிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். "இந்தம்மாவை இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். அப்போதுதான் எனக்கு மனப்பாரம் இறங்கியது.

என் அறைத் தரையில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. சுவரில் வரைபடம். காற்றுச் செய்தியை ரேடியோவில் கேட்டு, நீங்கள் இந்நேரம் எங்கே இருப்பீர்கள் என்று கணக்கிட்டு ஒரு புள்ளி வைக்கிறேன். சரியோ தவறோ, உங்களோடு நகர்ந்துகொண்டிருக்கிறேன்.

அத்தான் டிப்போவில் விடுப்புச் சொல்லிவிட்டு இங்கே வந்து தங்கியிருக்கிறார். உன் புள்ளியைப் பார்த்து, "தாமதம்" என்பார், அல்லது "சரியான நேரம்" என்பார். மாலையில் தேநீர் போட்டு எடுத்துவருகிறார். நான் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே வரமாட்டார். வெளியே நின்றே குடிக்கிறார்.

எப்படி இருந்தது? ஒரு வரியாவது எழுது.
தம்பி


ஜனவரி 17

அன்புள்ள தம்பி,

சேர்ந்துவிட்டோம். மூவரும் நலம். மீசை இளைத்துவிட்டார். நர்ஸுக்கு உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. எனக்கு நிலம் ஆடுகிறது, இந்த மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

நடுவில் ஒரு சின்னப் பாய் கிழிந்தது, அலையில் நனைந்துகொண்டே தைத்தேன். அதையெல்லாம் நேரில் சொல்கிறேன். நீ கேட்டது வேறு.

விடியும் முன் சுக்கான் பெரும்பாலும் என்னிடம்தான் இருந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பையில் வைத்திருந்தேன். எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஈயம் பூசிய பாத்திரம்தான். கோடு தெரியவில்லைதான். விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வருகிற மாதிரிதான் வெளிச்சம் வந்தது. போகாமலே எப்படியடா இவ்வளவு சரியாக எழுதினாய்? உன் கடிதத்துக்குள் உட்கார்ந்துதான் நான் இந்தக் கரைக்கு வந்தேன்.

ஒன்று மட்டும் தவறு. சத்தமே இருக்காது என்று எழுதியிருந்தாய். பாய் மூச்சு விடுகிறது. பக்கத்தில் யாரோ அயர்ந்து தூங்குவது போல, சீராக. முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

சரக்குக் கப்பலில் இடம் கிடைத்ததும் திரும்பி வருகிறேன். அதுவரை தரையில் இருக்கும் கோட்டை அழித்துவிடாதே. அத்தானைத் தண்ணீரில் நிற்கவைத்துத் தேநீர் குடிக்கவிடாதே. என் இடம் இப்போது காலிதானே. உள்ளே வரச் சொல்.

உன் அக்கா